சாயங்காலத்தில் கோணும் கால்

சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு உளுந்தூர்பேட்டையைத் தெரியாமல் இருக்காது. நேரே போனால் திருச்சி, வலப்பக்கம் திரும்பினால் கள்ளக்குறிச்சி, சேலம். இரவுப் பேருந்தில் கண்விழித்து டீ குடித்த ஊர் என்று பலருக்கும், கூத்தாண்டவர் கோயில் இருக்கிற கூவாகத்துக்குப் போகும் வழி என்று சிலருக்கும் நினைவிருக்கும். இந்த வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த அறுபது வயதுக்காரர், வீடு மாறாமலேயே மூன்று மாவட்டங்களில் வாழ்ந்துவிட்டார். முதலில் தென்னாற்காடு, 1993-இலிருந்து விழுப்புரம், 2019 நவம்பரிலிருந்து கள்ளக்குறிச்சி. கலெக்டர் ஆபீஸ் கடலூரில் இருந்த அந்த நாளில் பெரிய ஆஸ்பத்திரியும் தூரத்தில்தான் இருந்தது. பாண்டிச்சேரி ஜிப்மருக்குப் போக வேண்டும். அங்கும் முடியாது என்றால் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் தள்ளி மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரி.

அந்தத் தூரத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரு நோயின் அன்றையும் இன்றையும் பார்க்கலாம். மருத்துவர்கள் அதை டிஸ்டோனியா என்கிறார்கள். நாம் கேட்காமலேயே தசைகள் தாமாக இறுகி, உடலின் ஒரு பகுதியை முறுக்கிக்கொண்டு போகும் நரம்பு நோய் அது. சிலருக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும். சிலருக்குக் கண்ணிமைகள் இறுக மூடிக்கொள்ளும், பார்வை நன்றாக இருந்தும் தெருவைக் கடக்க முடியாது. சிலருக்குப் பாதம் உள்பக்கமாக மடங்கி, விரல் நுனியில் நடக்க வேண்டிவரும். கையை மடக்கும்போது ஒரு தசை இறுக, அதன் எதிர்த்தசை தளர்ந்து வழிவிட வேண்டும். அந்த ஏற்பாட்டை மூளையின் ஆழத்தில் இருக்கும் அடித்தள நரம்பு முடிச்சுகள் கவனித்துக்கொள்கின்றன. அங்கே கோளாறு வந்தால் இரண்டு தசைகளும் ஒரே நேரத்தில் இறுகும். பல வகைகளில் அறிவுக்கும் நினைவுக்கும் ஒரு குறையும் வராது. தனக்கு என்ன நடக்கிறது என்பது நோயாளிக்கு முழுதாகத் தெரியும்.

ஆறேழு வயதுக் குழந்தை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். காலையில் எழுந்து ஓடியாடிப் பள்ளிக்கூடம் போகிறது. மத்தியானத்துக்கு மேல் ஒரு கால் கோணத் தொடங்குகிறது. சாயங்காலம் வீடு திரும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வர முடிகிறது. தூங்கி எழுந்தால் மறுபடி சரியாக இருக்கிறது. “காலையில நல்லாத்தானே ஓடுன, இப்ப என்ன வேஷம்?” என்று வாத்தியார் கேட்பார். வீட்டுப்பாடத்துக்குப் பயந்து நடிக்கிறாள் என்று அம்மாவே நினைப்பாள். இந்தக் குழந்தைக்கு வந்திருப்பது டிஸ்டோனியாவில் ஒரு வகை. இதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

நாற்பது, ஐம்பது வருடங்களுக்கு முன் நம் கிராமங்களில் இப்படி ஒரு கால் கோணினால் அதற்கு என்ன பெயர் கிடைத்தது? முதலில் இளம்பிள்ளை வாதம். போலியோ ஊருக்கு ஊர் இருந்த காலம் அது. சூம்பிய கால், கோணிய கால், இழுத்து நடக்கிற கால் எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. போலியோவில் கால் தளர்ந்து மெலியும், இங்கே இறுகி முறுக்கும். இந்த வேறுபாட்டைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. கழுத்து திரும்பினால் சுளுக்கு. எண்ணெய் போட்டு உருவிச் சுளுக்கு எடுப்பவர் கையில் கழுத்து இன்னும் புண்ணாகும். கண்கள் மேலே செருகி, நாக்கு வெளியே தள்ளி, உடம்பு வில்லாக வளைந்தால் காத்து கருப்பு. வேப்பிலை அடிப்பதும், தாயத்துக் கட்டுவதும், பள்ளிவாசலில் ஓதித் தண்ணீர் தெளிப்பதும் நடக்கும். அமாவாசைக்கு மேல்மலையனூர் போவார்கள். கையில் கொஞ்சம் வசதி இருந்தால் குணசீலம் போய் ஒரு மண்டலம் தங்குவார்கள்.

அப்படிப் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இந்த நோயின் நடத்தையே அப்படி. தூக்கத்தில் முறுக்கு அநேகமாக மறைந்துவிடும். பதற்றத்திலும் கூட்டத்திலும் அதிகமாகும். கழுத்து திரும்பிய ஒருவர் தன் தாடையில் ஒரு விரலை லேசாக வைத்தால் போதும், பலம் கொண்ட மட்டும் இழுத்தும் திரும்பாத கழுத்து நேராக வரும். முன்பக்கமாக நடக்க முடியாத ஒருவர் பின்பக்கமாக நடந்து காட்டுவார். பார்க்கிற எவருக்கும் ஏதோ ஒன்று உள்ளே வந்து போகிறது என்றுதான் தோன்றும்.

படித்த வைத்திய உலகமும் இதே இடத்தில்தான் தடுமாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் பிரிஸோ, விரல் வைத்தால் கழுத்து நேராவதைப் பார்த்துவிட்டு அதை மனதால் வரும் கழுத்துக் கோணல் என்று எழுதினார். 1908-இல் பெர்லினில் ஷ்வால்ப என்ற மாணவர், ஒரே குடும்பத்தில் உடல் முறுக்கு வந்த உடன்பிறந்தவர்களை ஆராய்ந்து ஆய்வேடு எழுதினார். அவரும் ஹிஸ்டீரியா என்ற சொல்லைச் சேர்த்தார். மூன்று வருடம் கழித்து, 1911-இல், அதே பெர்லினில் ஹெர்மன் ஓப்பன்ஹைம் என்ற நரம்பியல் மருத்துவர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குழந்தைகள் நால்வரைப் பரிசோதித்தார். தசை ஒரு நேரம் தளர்ந்தும் ஒரு நேரம் இறுகியும் கிடப்பதைப் பார்த்து டிஸ்டோனியா என்று பெயர் வைத்தார். இது மூளையின் நோய், மனதின் நோய் இல்லை என்று உறுதியாகச் சொன்னார்.

சொன்னது சரி. ஆனால் உலகம் கேட்கவில்லை. மூளையைத் திறந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் காயம் எதுவும் பெரும்பாலும் கிடைக்காததால், அடுத்த அறுபது வருடங்களுக்கு இந்த நோயாளிகளில் பலர் மனநல மருத்துவர்களிடம் அனுப்பப்பட்டார்கள். நியூயார்க்கிலும் லண்டனிலும் இதுதான் நடந்தது. உளுந்தூர்பேட்டையின் உடுக்கைச் சத்தத்துக்கும் அந்தப் பெருநகரங்களின் ஆலோசனை அறைகளுக்கும் முடிவில் அதிக தூரம் இல்லை. இரண்டு இடத்திலும் நோயாளி சொன்னதை யாரும் நம்பவில்லை.

நம்பிக்கை திரும்பியது 1970-களில். 1975-இல் ஸ்டான்லி ஃபான், ரோஸ்வெல் எல்ட்ரிட்ஜ் இருவரும் நியூயார்க்கில் இந்த நோய்க்கென்றே முதல் சர்வதேசக் கருத்தரங்கைக் கூட்டினார்கள். லண்டனின் டேவிட் மார்ஸ்டன், கழுத்துக் கோணல், இமை இறுக்கம், எழுதும்போது மட்டும் கை முறுக்குவது எல்லாம் இதே நோயின் சிறு வடிவங்கள் என்று காட்டினார். 1997-இல், சிறு வயதில் தொடங்கி உடல் முழுதும் பரவும் வகைக்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். ஒன்பதாவது குரோமோசோமில் ஒரு மரபணுவில் மூன்றே மூன்று எழுத்துகள் விடுபட்டிருந்தன. ஓப்பன்ஹைம் சொன்னது உண்மை என்று நிறுவ 86 வருடம் பிடித்தது.

எழுதும்போது கை முறுக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. சார்பதிவாளர் அலுவலகம் உள்ள ஊர்களிலெல்லாம் பத்திரம் எழுதுகிறவர்கள் இருந்தார்கள். முத்திரைத்தாளில் அடித்தல் திருத்தல் இல்லாமல், நான்கெல்லை பிசகாமல், நாள் முழுக்கக் கையால் எழுதினார்கள். அப்படி எழுதிப் பிழைப்பவர்களைத்தான் இந்த வகை உலகெங்கும் அதிகம் தாக்கியிருக்கிறது. அதே கை சோறு பிசையும், பூட்டைத் திறக்கும், சைக்கிள் பிரேக்கைப் பிடிக்கும். பேனாவைத் தொட்டால் மட்டும் விரல்கள் சுருண்டு நிப்பு தாளைக் கிழிக்கும். இத்தாலியின் ரமஸ்ஸினி 1713-லேயே குமாஸ்தாக்களின் கையைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்று பத்திரம் கம்ப்யூட்டரில் தட்டச்சாகிறது, வாழ்நாள் முழுக்கக் கையால் எழுதும் தொழில் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அதனால் நோய் முடியவில்லை. வாத்தியம் வாசிப்பவர்களுக்கும் தையல்காரர்களுக்கும் வருகிறது. அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷர் 1960-களில் வலக்கை விரல்கள் சுருண்டு மேடையை இழந்தார். இடக்கைக்கென்று எழுதப்பட்ட இசையை வாசித்துக்கொண்டு முப்பது வருடம் காத்திருந்தார். 1990-களில் ஊசி மருந்து வந்த பிறகுதான் இரண்டு கைகளாலும் திரும்ப வாசித்தார்.

அந்த ஊசி போட்டுலினம். கெட்டுப்போன டப்பா உணவில் ஆளைக் கொல்லும் நஞ்சு அது. அதையே மிக மிகச் சிறிய அளவில், முறுக்குகிற தசையில் மட்டும் செலுத்தினால், நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளை சில மாதங்களுக்கு அடங்கும். மாறுகண்ணுக்காக இந்த வழியைத் தொடங்கியவர் சான் பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். 1989-இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. கழுத்துக் கோணலுக்கும் இமை இறுக்கத்துக்கும் இன்று இதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனால் சுமார் மூன்று மாதத்தில் அதன் வேலை தீர்ந்துவிடும், மறுபடி போட வேண்டும். குப்பியின் விலை பல ஆயிரம் ரூபாய். கூலிக்குப் போகிற ஒருவர் வருடத்தில் நான்கு தடவை வேலையை விட்டு, துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொண்டு பெருநகரத்துக்குப் போய்வர முடியுமா? பலர் இரண்டாவது ஊசியோடு நின்றுவிடுவதற்கு மருந்தின் மேல் குற்றம் சொல்ல முடியாது.

அறுவை சிகிச்சையில் நம் மாநிலத்துக்கு ஒரு பெருமை உண்டு. மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1950-இல் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த இருபது வருடங்களில் வி. பாலசுப்ரமணியம், எஸ். கல்யாணராமன், டி. எஸ். கனகா ஆகியோர் மண்டையோட்டில் சிறு துளையிட்டு, அளவுகோல் வைத்த சட்டத்தின் உதவியால் மூளையின் ஆழத்தில் ஒரு புள்ளியைத் தொடும் அறுவையைச் செய்தார்கள். ஸ்கேன் கருவிகள் வராத காலத்தில், எக்ஸ்ரே படத்தை வைத்துக் கணக்குப் போட்டுச் செய்தார்கள். நடுக்கமும் முறுக்கும் உள்ள ஏழைகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் இது கிடைத்தது. இந்தியாவின் முதல் பெண் நரம்பு அறுவை மருத்துவரான கனகாவின் பெயர் பள்ளிப் பாடத்தில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அன்று அந்தப் புள்ளியைச் சுட்டார்கள். இன்று அங்கே மெல்லிய மின்கம்பியைப் பதித்து, மார்புத் தோலுக்கடியில் வைத்த கருவியிலிருந்து மின்துடிப்பு கொடுக்கிறார்கள். மரபணு வகை டிஸ்டோனியாவில் படுத்தே கிடந்த பிள்ளைகள் இதனால் எழுந்து நடந்திருக்கிறார்கள். செலவோ லட்சங்களில்.

நான் முதலில் சொன்ன குழந்தைக்கு இந்த ஊசியும் வேண்டாம், கம்பியும் வேண்டாம்.

ஜப்பானில் மசாயா செகாவா என்ற குழந்தை நரம்பியல் மருத்துவர் 1970-களின் தொடக்கத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளைக் கண்டார். காலையில் நடை, மாலையில் கோணல், தூங்கினால் தெளிவு. மூளையில் டோபமைன் என்ற பொருள் போதிய அளவு உற்பத்தியாகவில்லை என்பதே காரணம். இரவு உறக்கத்தில் கொஞ்சம் சேரும், பகலில் தீர்ந்துபோகும். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையைச் சிறிய அளவில் கொடுத்ததும் குழந்தைகள் சில நாட்களில் நேராக நடந்தார்கள். பார்க்கின்சன் நோயில் வருடங்கள் போகப் போக இந்த மாத்திரை தொல்லை கொடுக்கும், இவர்களுக்கு அப்படியும் ஆவதில்லை. 1994-இல் இதன் மரபணுவும் தெரிந்தது. மூளை வாதம் என்று முத்திரை குத்தப்பட்டு வருடக்கணக்கில் சக்கர நாற்காலியில் இருந்தவர்கள், ஒரு மாத்திரைக்குப் பின் எழுந்து நடந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கின்றன.

அந்த லெவோடோபா நம் மண்ணுக்குப் புதிதில்லை. காட்டோரத்திலும் வேலிப்புதரிலும் படரும் பூனைக்காலிக் கொடியை மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அதன் காய்மேல் இருக்கும் சுணை பட்டால் அரிப்பு தாங்காது. அதன் விதையிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்தெடுத்து 1937-இல் உலகுக்கு அறிவித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் கூடத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும். அது எந்த நோயைத் தீர்க்கும் என்று அன்று யாருக்கும் தெரியாது. (இதைப் படித்துவிட்டு யாரும் விதையை அரைத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். விதைக்கு விதை அளவு மாறும், வேறு நச்சுகளும் உண்டு.) இன்று மாத்திரை சில ரூபாய்க்குக் கிடைக்கிறது, தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் காரணம் தெரியாமல் தொடங்கும் டிஸ்டோனியாவில் இதைக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த முடிவுக்குப் போக வேண்டும் என்பது நரம்பியலில் பாலபாடம்.

முழுதாகத் தடுத்து நிறுத்தக்கூடிய இன்னொரு வகையும் நமக்கு நெருக்கமானது. வில்சன் நோயில் உடலிலிருந்து வெளியேற வேண்டிய செம்பு கல்லீரலிலும் மூளையிலும் படியும். பள்ளி, கல்லூரி வயதில் பேச்சு குழறும், முகம் இறுகும், கை முறுக்கும். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். அதனால் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று கட்டிக்கொள்கிற குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். கண்ணின் கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் தெரிகிறதா என்று கண் மருத்துவர் பார்த்தே சொல்லிவிடலாம். 1912-இல் வில்சன் இதை விவரித்தபோது இது உறுதியான மரணம். 1956-இல் ஜான் வால்ஷ் பெனிசிலமின் மருந்தைக் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறியது. மருந்தைச் சீக்கிரம் தொடங்கி விடாமல் சாப்பிட்டால் வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம். அண்ணனுக்கு இருந்தால் தம்பி தங்கைக்கு அறிகுறி வருமுன்பே பரிசோதிக்கலாம்.

பேய் என்று சொல்லப்பட்டதில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது தெரியும். வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடு ஊசி, மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள், சில குழந்தைகளுக்கும் இளம் வயதினருக்கும் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாட்களுக்குள் திடீர் டிஸ்டோனியாவை உண்டாக்கும். கழுத்து பின்னால் இழுக்கும், கண்கள் மேலே செருகும், நாக்கு தடித்துத் தள்ளும். வீடே அலறிப்போகும். புரோமெத்தசின் போன்ற ஓர் ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணிக்குள் எல்லாம் அடங்கும். அன்று மந்திரவாதி வருவதற்குள் மருந்தின் வேகம் தானே தணிந்து, பெயர் அவருக்குப் போயிருக்கும். இன்று 108-ஐக் கூப்பிடும் வீட்டார், பிள்ளை முந்தின நாள் என்ன மருந்து சாப்பிட்டது, என்ன ஊசி போட்டுக்கொண்டது என்ற சீட்டைக் கையோடு கொண்டுபோனால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

தூரமும் குறைந்திருக்கிறது. 2010-இல் முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் கள்ளக்குறிச்சியும் ஒன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீடு தேடி வருகிறார். இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸால் கடைசி நோயாளி பதிவானது 2011 ஜனவரியில். அதற்குப் பின் பிறந்த குழந்தையின் கால் கோணினால், இளம்பிள்ளை வாதம் என்று சொல்லிக் கைகழுவ முடியாது. காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

தேடுகிறோமா என்றால், போதவில்லை என்பதே என் தீர்ப்பு. போலியோ காலி செய்த இடத்தில் மூளை வாதம் என்ற சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. பிரசவத்தில் மூச்சுத் திணறியோ, பிறந்ததும் மஞ்சள் காமாலை மூளைக்கு ஏறியோ உண்மையிலேயே மூளை வாதம் வந்த குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களிலும் முறுக்கு வகை உண்டு. ஆனால் சுகப்பிரசவத்தில் பிறந்து, சரியான மாதத்தில் உட்கார்ந்து நடந்து, நான்கைந்து வயதுக்கு மேல் கால் கோணத் தொடங்கிய குழந்தைக்கும் அதே முத்திரையைக் குத்தி மாற்றுத்திறனாளி அட்டை கொடுத்து அனுப்பினால், அந்த அட்டை குழந்தையின் வாழ்க்கையை மூடிவிடுகிறது. நரம்பியல் நிபுணர்கள் பெருநகரங்களில் குவிந்திருக்கிறார்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு மேலே உள்ள குக்கிராமத்திலிருந்து நிபுணரைப் பார்க்க இறங்கி வருவது இன்றும் ஒரு நாள் கூலியையும் ஒரு நாள் பொழுதையும் தின்கிற காரியம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. நாள்பட்ட நரம்பியல் நிலைகள் என்ற பொதுத் தலைப்பு அதில் இருக்கிறது, டிஸ்டோனியா என்ற பெயர் இல்லை. மாலையில் முடங்குகிற ஒருவர் காலையில் குறைபாட்டை மதிப்பிடும் முகாமுக்கு வந்தால் எத்தனை சதவீதம் போடுவார்கள்?

இதே முத்திரையைத்தான் அமெரிக்காவிலும் இரட்டைக் குழந்தைகளுக்குக் குத்தினார்கள், மூளை வாதம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களின் தாய் ஓயாமல் படித்துக்கொண்டிருந்தார். பத்து வருடத்துக்கு மேற்பட்ட பழைய செய்தித்தாள் கட்டுரை ஒன்றில், தன் மகளைப் போலவே நாள் முழுக்க ஏறி இறங்கும் நோயுள்ள ஒரு சிறுமியைப் பற்றி வாசித்தார். அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனார். லெவோடோபா கொடுத்தார்கள், பிள்ளை நடந்தது. பிற்காலத்தில் இருவரின் மரபணுத் தொகுதியையும் முழுதாகப் படித்து, மருந்தை இன்னும் சரியாக்கினார்கள். 2011-இல் அந்த ஆய்வு வெளியானது. ஒரு பத்திரிகைக் கட்டுரையால் இது முடிந்தது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

உளுந்தூர்பேட்டையிலோ வேறெந்த ஊரிலோ உங்களுக்குத் தெரிந்த பிள்ளை காலையில் நடந்து மாலையில் விழுகிறதா? அதட்டாதீர்கள். தூங்கி எழுந்ததும் ஒரு தடவை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு தடவை, அது நடப்பதைப் போனில் வீடியோ எடுங்கள். ஆசிரியராக இருந்தால் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அந்த வீடியோவை அரசு மருத்துவக் கல்லூரியிலோ ஜிப்மரிலோ குழந்தை மருத்துவரிடம் காட்டி, “லெவோடோபா கொடுத்துப் பார்க்கலாமா டாக்டர்? கருவிழியில் செம்பு வளையம் இருக்கிறதா பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். மூளை வாதம் என்று பழைய அட்டை வைத்திருக்கும் பெரியவர்களுக்காகவும் இதே கேள்வியைக் கேட்கலாம். செகாவா கண்டுபிடித்த அந்த நோய்க்கு வயது கடந்த பின்னும் மாத்திரை வேலை செய்கிறது.